விழுந்த கொம்பனிகளும் காசு வரும் வழியும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "நொக்கியா, பிளக்பெரி, கொடக் எல்லாம் காலத்தோடு மாறாததால் அழிந்தன என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆட்கள் நடத்திய கொம்பனிகளுக்கு அதுகூடவா விளங்கவில்லை? அப்பிளும் சம்சுங்கும் உண்மையிலேயே எதிரிகளா? இனி விழப்போவது யார்?" கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கிறார், வங்கியில் வேலை.

நான் கொஞ்சக் காலம் கொள்ளுப்பிட்டியில் போன் விற்றவன். பிறகு தொலைத்தொடர்புத் துறைக்குப் போய், இப்போது மென்பொருளில் இருக்கிறேன். "காலத்தோடு மாறவில்லை" என்பது என்னைப் பொறுத்தவரை சோம்பேறிப் பதில். விழுந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வரப்போவதை நன்றாகவே கண்டார்கள். சிலர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்கள். அன்றைக்குக் காசு வந்துகொண்டிருந்த வழியை அது அடைத்துவிடும் என்பதுதான் அவர்களுடைய சங்கடம். ஒரு கொம்பனி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று விளங்காவிட்டால் அதற்குக் காசு தருவது யார் என்று பாருங்கள். அரைவாசி விளங்கிவிடும்.

கொடக் கதை எல்லோருக்கும் தெரிந்ததால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1975 இல் டிஜிட்டல் கமராவை முதலில் செய்தவர் கொடக்கின் சொந்தப் பொறியியலாளர் ஸ்டீவ் சாசன். ஒரு படத்தைக் கசெட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி எடுத்தது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது இது: 2005 இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கமரா விற்பனையில் கொடக்தான் முதலிடம். அதாவது மாறினார்கள். ஆனால் பிலிம் சுருளில் கிடைத்த இலாபம் கமராவில் கிடைக்கவில்லை. பிலிம் ரோல் முடிய முடிய ஆட்கள் திரும்பக் கடைக்கு வந்தார்கள். டிஜிட்டல் கமரா வாங்கியவர் ஏன் வரப்போகிறார்? 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள்.

நொக்கியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2007 இன் கடைசியில் உலகத்தில் விற்ற போன்களில் பத்துக்கு நான்கு நொக்கியா. அன்றைக்குக் கொழும்பு லிபர்ட்டி பிளாசாக் கடைகளில் சார்ஜர் கேட்டு வந்தவரிடம் எந்தக் கொம்பனி என்று யாரும் கேட்டதில்லை. "சின்னப் பின்னா, பெரிய பின்னா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டுமே நொக்கியாவின் பின்.

அதே 2007 ஓகஸ்டில் நொக்கியாவுக்கு ஒரு பெரிய அவமானம் வந்தது. பிஎல்-5சி என்ற பற்றரி சார்ஜ் ஏறும்போது சூடேறுகிறது என்று அறிவித்தார்கள். ஜப்பானின் மட்சுஷிட்டா செய்து கொடுத்த 46 மில்லியன் பற்றரிகள் அந்தக் கணக்கில் வந்தன. போனின் பின் மூடியைக் கழற்றி, பற்றரியைத் திருப்பி, அதில் பொடி எழுத்தில் இருந்த 26 எழுத்து இலக்கத்தை நொக்கியாவின் இணையத்தளத்தில் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு நாங்கள்தான் கண்ணாடி வைத்து வாசித்துக் கொடுத்தோம். சரி, விற்பனை விழுந்ததா? இல்லை. ஆட்கள் பற்றரியை மாற்றிக்கொண்டு அடுத்த நொக்கியாவையும் வாங்கினார்கள். சம்சுங்கின் நோட் 7 கதையும் இதே மாதிரி. 2016 இல் வெளிவந்து, தீப்பிடித்து, விமானங்களில் தடைசெய்யப்பட்டு, இரண்டு மாதத்துக்குள் அந்த மொடலையே நிறுத்தினார்கள். இரண்டு வெவ்வேறு கொம்பனிகள் கொடுத்த பற்றரிகளில் இரண்டு வெவ்வேறு பிழைகள் இருந்ததாகப் பிறகு விளக்கம் வந்தது. அடுத்த ஏப்ரலில் எஸ்8 வந்ததும் சனம் வழமைபோல வாங்கியது. ஊரறிய வெடித்த பிழை ஒரு பெரிய கொம்பனியைச் சாய்ப்பது அபூர்வம். அதைத் திருத்துவதற்கு உள்ளே யாரும் எதிர்ப்பில்லை, எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள்.

நொக்கியாவைச் சாய்த்தது வேறு. தொடுதிரை அவர்களுக்குப் புதிதல்ல. 2004 இலேயே 7710 என்ற தொடுதிரை போனை அறிவித்தார்கள். 2005 இல் லினக்ஸில் ஓடும் 770 என்ற கையடக்கக் கருவி வந்தது. அகலமான திரை, இணையம் பார்க்கலாம். ஆனால் சிம் போட முடியாது! போன் செய்கிற கொம்பனி, தன்னுடைய மிகப் புதிய கருவியில் மட்டும் போன் வசதியை வைக்கவில்லை. 2009 இல் என்900 வரும்வரை அந்த வரிசை அப்படியே இருந்தது. ஏன்? சிம்பியன் என்ற பழைய மென்பொருளில் ஓடிய போன்கள்தான் சோறு போட்டன. வீட்டுக்குள்ளேயே அதற்கு ஒரு போட்டியாளரை வளர்க்க யாருக்கும் மனம் வரவில்லை என்பதுதான் என்னுடைய வாசிப்பு.

பிறகு ஸ்டீபன் இலொப் நொக்கியாவின் தலைவராக வந்தார், மைக்ரோசொப்டிலிருந்து. 2011 பெப்ரவரியில் அவர் ஊழியர்களுக்கு அனுப்பிய குறிப்பு வெளியே கசிந்தது. நாங்கள் நிற்கும் மேடை எரிகிறது என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார். அதே மாதம், இனி விண்டோஸ் போன்தான் எங்கள் பாதை என்று மேடையேறி அறிவித்தார். விண்டோஸில் ஓடிய முதல் நொக்கியாவான லூமியா கடைக்கு வந்தது நவம்பரில். இடையில் ஒன்பது மாதம் கடைக்காரர் என்ன விற்பார்? கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும் சிம்பியன் போன்களைக் கொம்பனியே செத்தது என்று சொல்லிவிட்டது. வாங்க வருபவருக்கும் விஷயம் தெரியும். "அண்ணை, இது நிக்கப்போகுதாமே?" என்று கேட்டால் விற்பவர் என்ன சொல்வது? அந்த இடைவெளியில் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் சம்சுங் கலக்ஸி ஏறியது. கொழும்பில் நான் கண்ணால் பார்த்த ஒரேயொரு ஆட்சி மாற்றம் அதுதான் என்றுகூடச் சொல்வேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. 2012 ஏப்ரலில் லூமியா 900 அமெரிக்காவில் பெரிய விளம்பரத்தோடு வந்தது. ஜூனில் மைக்ரோசொப்ட் விண்டோஸ் போன் 8 ஐ அறிவித்து, ஏற்கெனவே விற்ற போன்கள் எதற்கும் அது கிடைக்காது என்றது. புதிய போனுக்கு ஆயுள் இரண்டு மாதம். 2013 செப்டெம்பரில் நொக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசொப்ட் சுமார் 7.2 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2015 இல் 7.6 பில்லியனை நட்டக் கணக்கில் எழுதியது. வாங்கிய விலையை விட எழுதிய நட்டம் கூட! நொக்கியா என்ற கொம்பனி மட்டும் தப்பிவிட்டது. கோபுரங்களில் பூட்டும் வலையமைப்புக் கருவிகளைச் செய்து இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. 2025 ஒக்டோபரில் என்விடியா அதில் 1 பில்லியன் டொலர் முதலிடுவதாக அறிவித்தது. ஆகவே "நொக்கியா அழிந்தது" என்று சொல்லும் நண்பரை அந்த இடத்தில் மடக்கலாம்.

பிளக்பெரி இன்னும் வேதனையான கதை. 2005 இலேயே அவர்களிடம் பிபிஎம் என்ற செய்தி அனுப்பும் செயலி இருந்தது. செய்தி போய்ச் சேர்ந்ததா, வாசித்தாரா என்று காட்டும் வசதியும் இருந்தது. வட்ஸ்அப் பிறந்ததே 2009 இல். கொழும்பில் ஒரு காலத்தில் போன் இலக்கம் கேட்காமல் பிபிஎம் பின் (அந்தச் செயலியில் ஒருவரைச் சேர்க்கும் அடையாளக் குறி) கேட்ட கூட்டம் ஒன்று இருந்தது; அலுவலகம் வாங்கிக் கொடுத்த போனை வைத்திருந்தவர்களும், அவர்களைப் பார்த்துத் தாங்களும் வாங்கிய பெடியன்களும். பிபிஎம்மை எல்லாப் போன்களுக்கும் திறந்துவிடும் திட்டம் ஒன்றைக் கொம்பனியை நடத்திய இருவரில் ஒருவரான ஜிம் பல்சில்லி வைத்திருந்தார். 2012 இல் புதிய தலைமை அதைக் கைவிட்டது, அவர் இயக்குநர் சபையை விட்டே விலகினார். திறந்துவிட்டால் பிளக்பெரி போனை யார் வாங்குவார்கள் என்ற பயம். ஒவ்வொரு பிளக்பெரி பாவனையாளருக்கும் தொலைபேசி வலையமைப்புகள் மாதா மாதம் கொடுத்துவந்த கட்டணம் வேறு. கடைசியில் 2013 ஒக்டோபரில் அண்ட்ரோய்டுக்கும் ஐபோனுக்கும் பிபிஎம் வந்தபோது வட்ஸ்அப்பில் ஏற்கெனவே 350 மில்லியன் பேர். நாலு மாதம் கழித்து பேஸ்புக் வட்ஸ்அப்பை 19 பில்லியனுக்கு வாங்குவதாக அறிவித்தது. காப்பாற்ற நினைத்த போன் வியாபாரமும் மிஞ்சவில்லை.

கணினிச் சிப் செய்யும் இன்டெலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் ஐபோனுக்குச் சிப் செய்து தரும்படி அப்பிள் கேட்டபோது, சொன்ன விலை கட்டாது என்று மறுத்ததாக அன்றைய தலைவர் போல் ஒட்டெலினியே 2013 இல் ஒப்புக்கொண்டார். அதைவிட எனக்கு வியப்பானது, போனுக்கு ஏற்ற ஏஆர்எம் வகைச் சிப் செய்யும் ஒரு பிரிவு இன்டெலிடமே இருந்தது. 2006 ஜூனில் அதை மார்வெல் கொம்பனிக்கு 600 மில்லியன் டொலருக்கு விற்றார்கள். ஏழு மாதம் கழித்து அப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை மேடையில் காட்டினார். பெரிய கணினிச் சிப்பில் கிடைக்கும் இலாப வீதத்துக்குப் பழகியவருக்குப் போன் சிப் சில்லறைக் காசாகத்தான் தெரியும்.

இனி எதிரிகள் விஷயம். நீதிமன்றத்தில் எதிரிகள், கணக்குப் புத்தகத்தில் கூட்டாளிகள். 2011 இல் அப்பிள் சம்சுங் மேல் வழக்குப் போட்டது. 2012 ஓகஸ்டில் 1.05 பில்லியன் டொலர் நட்டஈடு என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மேன்முறையீடு, மறுவிசாரணை என்று இழுபட்டு 2018 இல்தான் சமரசமானது. அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே 2017 இல் வந்த ஐபோன் எக்ஸின் திரையைச் செய்து கொடுத்தது சம்சுங். ஐபோன் நன்றாக விற்றால் சம்சுங்கின் இன்னொரு பிரிவுக்குக் கொண்டாட்டம். இங்கே பேஸ்புக்கில் அப்பிள் ஆட்களும் சம்சுங் ஆட்களும் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதைப் பார்க்கும்போது சிரிப்புத்தான் வரும். 1997 ஓகஸ்டில் பொஸ்டன் மேடையில் பில் கேட்ஸின் முகம் பெரிய திரையில் வந்ததும் அப்பிள் இரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அன்றைக்கு நொடிந்துகிடந்த அப்பிளில் மைக்ரோசொப்ட் 150 மில்லியன் டொலர் முதலிடுகிறது என்பதே செய்தி.

இதைப் பார்க்கக் கலிபோர்னியா போகத் தேவையில்லை. காலி வீதியில் ஓட்டோ ஒன்றை மறியுங்கள். ஹாண்டிலில் இரண்டு போன் பூட்டியிருக்கும், ஒன்றில் பிக்மி, மற்றதில் ஊபர், இரண்டும் வாடகை வண்டி அழைக்கும் செயலிகள். எது முதலில் அடிக்கிறதோ அந்த ஓட்டம். இரண்டு கொம்பனியும் 2015 இல் கொழும்பில் தொடங்கின. ஊபருக்கு உலகக் காசு இருந்தது. பிக்மி தொடக்கத்திலேயே முச்சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டது, ஊபர் பிறகுதான் அதற்கு இறங்கி வந்தது. கொழும்பில் வாடகை வண்டி என்றால் பெரும்பாலும் ஓட்டோதான் என்பது இங்கே வளர்ந்த எவருக்கும் தெரியும். 2024 இல் பிக்மி கொழும்புப் பங்குச் சந்தையிலும் ஏறிவிட்டது.

தன் தவறால் இல்லாமல் அரசாங்கத்தின் கையால் விழுந்தவர் ஹுவாவி. 2019 மே மாதம் அமெரிக்கா தடைப் பட்டியலில் போட்டதும் புதிய மொடல்களில் கூகிள் இல்லை. யூடியூப், மெப்ஸ் இல்லாத போனை வெள்ளவத்தையில் யாருக்கு விற்பது? போன் நல்ல போன், பிழை அவர்களுடையதல்ல. ஆகவே "திறமையானவர் வெல்வார்" என்ற கதையையும் அளவோடு நம்புங்கள்.

கேட்டவர் கேட்காத இரண்டு விஷயங்களை நானாகச் சேர்க்கிறேன். இப்படியான பட்டியல்களில் எங்கள் நாட்டோடு சம்பந்தப்பட்ட தவறுகள் வருவதே இல்லை.

ஒன்று, கூகிள் பலூன். 2015 ஜூலையில் இலங்கை அரசாங்கம் கூகிளோடு ஒப்பந்தம் போட்டது, வானத்தில் பலூன்களை மிதக்கவிட்டு நாடு முழுக்க இணையம் தருவதாக. 2016 பெப்ரவரியில் தென்னமெரிக்காவில் விட்ட முதல் பலூன் இலங்கை வான்பரப்புக்குள் வந்தது. சில நாளில் அது காற்றிறங்கிக் கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிடந்ததைத் தோட்டத்து ஆட்கள் கண்டெடுத்தார்கள். திட்டமிட்ட தரையிறக்கம் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். அதன் பிறகு அலைவரிசை ஒதுக்குவதில் இழுபறி, பிறகு மௌனம். 2021 ஜனவரியில் உலகம் முழுக்கவே அந்தத் திட்டத்தை மூடினார்கள், செலவு கட்டவில்லை என்று. தொழில்நுட்பம் வேலைசெய்தது, புவேர்ட்டோ ரிக்கோவில் சூறாவளிக்குப் பிறகு உண்மையிலேயே உதவியது. ஆனால் சிக்னலே இல்லாத இடத்தில் இருப்பவரிடம் அதற்குக் கொடுக்கவும் காசு இல்லை. 2025 ஜூலையில் செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் இங்கே வந்தது. அதன் விலையைப் பார்த்தால் அது யாருக்காக வந்தது என்பது தெரியும், தோட்டத்து லயன் அறைக்காக இல்லை.

இரண்டாவது, பேஸ்புக். 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அதற்கு முன்னும் அந்த நாட்களிலும் சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகள் தாராளமாக ஓடின. முறையிட்டால் "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வந்ததைக் கொழும்பிலுள்ள சிவில் அமைப்புகள் ஆவணப்படுத்தி வைத்திருக்கின்றன. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பேஸ்புக்கில் போதியளவு இருக்கவில்லை. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நாட்கணக்கில் முடக்கிய பிறகுதான் அதிகாரிகள் பறந்து வந்தார்கள். 2020 மே மாதம் பேஸ்புக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இதிலும் அதே கணக்குத்தான். சிங்களத்திலோ இலங்கைத் தமிழிலோ ஓடும் விளம்பரத்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? காசு தராத மொழியைக் கண்காணிக்க ஆள் வைப்பது செலவு மட்டுமே. தமிழும் இதை வேறு விதத்தில் அனுபவித்தது. ஆரம்பகால அண்ட்ரோய்டு போன்களில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒபேரா மினி என்ற உலாவியின் முகவரிப் பெட்டிக்குள் "ஒபேரா கொன்பிக்" என்று அடித்து, கடினமான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தெரிவை "ஆம்" ஆக்கினால்தான் செய்தி வாசிக்கலாம். கடையில் போன் வாங்கிய எத்தனையோ பேருக்கு அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். நோட் 7 எரிந்தது எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. திகன எதிலும் இல்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

அடுத்து யார் என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் கூகிளைத்தான் காட்டுவார்கள். காரணம் இருக்கிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமான டிரான்ஸ்போர்மர் ஆய்வுக் கட்டுரையை 2017 இல் எழுதியவர்கள் கூகிள் ஆட்கள். சட்ஜிபிடியை 2022 நவம்பரில் வெளியிட்டது ஓப்பன்ஏஐ. கேள்விக்கு நேரே பதில் சொல்லிவிட்டால் தேடல் பக்கத்து விளம்பரத்தை யார் அழுத்துவார்கள்? கொடக்கின் சங்கடமேதான். அவசரப்பட்டு 2023 பெப்ரவரியில் சட்ஜிபிடிக்குப் போட்டியாகப் பார்ட் என்ற தன் செயலியைக் காட்டியபோது, விளம்பரத்திலேயே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பற்றி ஒரு பிழையான பதில். ஒரே நாளில் பங்குப் பெறுமதியில் சுமார் 100 பில்லியன் டொலர் போனது. ஆனால் நொக்கியா செய்யாததைக் கூகிள் செய்தது: தன் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவின் பதிலைக் கொண்டுவந்து வைத்தது. சொந்த வருமானத்தில் கைவைக்கும் துணிச்சல் தெரிகிறது.

என்னைக் கேட்டால் அப்பிளைத்தான் கவனிக்கச் சொல்வேன். அப்பிளின் சபாரி உலாவியில் தேடலுக்குக் கூகிளையே வைத்திருப்பதற்காக 2022 இல் மட்டும் கூகிள் அப்பிளுக்கு 20 பில்லியன் டொலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளியானது. அதற்காக அப்பிள் தொழிற்சாலை நடத்தவில்லை, பொருள் அனுப்பவில்லை. கிட்டத்தட்ட முழுவதும் இலாபம். 2025 செப்டெம்பரில் கூகிள் மேல் போட்ட ஏகபோக வழக்கில் நீதிபதி அந்தக் கொடுப்பனவை முற்றாகத் தடுக்காமல் விட்டார், அதனால் இப்போதைக்குத் தப்பியது. ஆனால் நீதிபதியை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதே வருடம் மே மாதம் அப்பிளின் உயர் அதிகாரி எடி கியூ நீதிமன்றத்தில் சொன்னது: முந்தைய மாதம் சபாரியில் தேடல்களின் எண்ணிக்கை முதல் தடவையாகக் குறைந்தது. அன்றைக்கு விழுந்தது கூகிளின் பங்குதான், 7 வீதத்துக்கு மேல். ஆனால் தேடல் குறைந்துகொண்டே போனால் அப்பிளுக்கு வரும் அந்த 20 பில்லியனும் சேர்ந்து குறையும், அதை ஈடுகட்டும் அளவுக்கு அப்பிளின் சொந்தச் செயற்கை நுண்ணறிவு இதுவரை ஒன்றும் செய்து காட்டவில்லை.